ராமைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை ஓரமாக இருக்கிறது ரிச்சி தெரு. பெயர் ஒரு தெருவுக்குத்தான். ஆனால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியுள்ள சந்துகளையும் சேர்த்தே மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ரேடியோ உதிரிகள் விற்ற இடம். அப்புறம் டிவி வந்தது, கணினி வந்தது. இப்போது செல்போனும் சிசிடிவி கேமராவும் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டன. கணினிச் சாமான் விற்பவர்கள் கீழே, அது கெட்டுப்போனால் பார்ப்பவர்கள் மாடியில். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. மேலே போனால் மேசைக்கு ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹாட் ஏர் ஸ்டேஷன், வளைந்த கழுத்துள்ள ஒரு விளக்கு.

நான் போயிருந்த அறையில் சுவரோரம் மதர்போர்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். வேலூர், விழுப்புரம் பக்கத்துக் கடைக்காரர்கள் பார்சலில் அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பெரும்பாலான சீட்டுகளில் ஒரே வாசகம்: ‘நோ டிஸ்ப்ளே’. இதைவிட உபயோகமில்லாத புகார் கிடையாது. போர்டுக்குக் கரன்ட் வராவிட்டாலும் நோ டிஸ்ப்ளே, ராம் சரியாக உட்காராவிட்டாலும் நோ டிஸ்ப்ளே. மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தாலும் அதேதான்.

மேசையில் இருந்தவர் ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர். பையன்கள் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும் எல்லோரும் சால்டரிங் கைத்திறனைத்தான் வியக்கிறார்கள். அருகில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு வேறொன்று பெரிதாகப் பட்டது. எதெல்லாம் கெடவில்லை என்று ஒவ்வொன்றாகத் தீர்ப்பதில் இவர்கள் காட்டும் பொறுமை. இரும்பு சூடாவதற்கு முன்பே பல போர்டுகளின் கதை முடிந்துவிடுகிறது.

முதலில் போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அட்டை மேல் வைக்கிறார். கேபினட்டின் ஸ்குரூ தாங்கி ஒன்று தப்பான இடத்தில் இருந்து, போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஷார்ட். ஹார்டு டிஸ்க், டிவிடி, முன்பக்க யுஎஸ்பி ஒயர் எல்லாம் நீக்கம். மிஞ்சுவது போர்டு, பிராசசர், அதன் விசிறி, ராம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. எஸ்எம்பிஎஸ் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர் அணைத்திருக்கும்போதும் 5 வோல்ட் தர வேண்டும். அது இருந்தால்தான் பவர் பட்டனுக்கே உயிர். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் தனியாகவே ஓடும். ஓடுகிறது என்பதற்காக அவர் அதை நம்பிவிடுவதில்லை. மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று அளந்து பார்க்கிறார்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த பரிசோதனை. ராமைக் கழற்றிவிட்டு ஆன் செய்வது.

நினைவகமே இல்லாமல் கணினி எப்படி ஓடும் என்று கேட்கத் தோன்றும். ஓடாது, ஆனால் கத்தும். ஆன் செய்ததும் பிராசசர் முதலில் படிப்பது பயாஸ் ஐசியில் உள்ள நிரலை. அந்த நிரல் ராமைத் தேடுகிறது, காணவில்லை என்றால் ஸ்பீக்கரில் பீப் அடிக்கிறது. ஆகவே ராம் இல்லாத போர்டு பீப் அடித்தால் மின்சாரம் சரி, பிராசசர் சரி, பயாஸ் சரி என்று ஒரே வீச்சில் மூன்று சந்தேகம் தீர்ந்துவிடும். சத்தமே வராவிட்டால்தான் வேலை பெரிது. இந்த எளிய வழியை இப்போதைய தயாரிப்பாளர்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள். புதிய போர்டுகளோடு அந்தச் சின்ன ஸ்பீக்கர் வருவதே இல்லை. சிலவற்றில் அதற்குப் பதிலாக சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு விளக்குகள் உண்டு, எதில் நிற்கிறதோ அதில் கோளாறு. மலிவு போர்டில் அதுவும் இல்லை. மேசை டிராயரில் மாஸ்டர் ஒரு ஸ்பீக்கரைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். பழைய போர்டுகளுக்கு டீபக் கார்டும் வைத்திருக்கிறார். பயாஸ் தன் ஒவ்வொரு படியையும் 80 என்ற எண்ணுள்ள போர்ட்டில் எழுதிக்கொண்டே போகும், அதை இரண்டு இலக்கமாகக் காட்டும் கார்டு அது.

ஒரு போர்டு பீப் அடித்தது. ராமை எடுத்து அதன் பொன்னிறக் கால்களைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒரே ஸ்லாட்டில் ஒரே ராமாகப் போட்டார். திரை வந்துவிட்டது. சீட்டில் ‘ஓகே’ என்று எழுதி ஓரம் வைத்தார். இதற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டேன். “ரப்பர் போட்டதுக்கு என்ன சார் வாங்குறது? பார்த்த கூலிதான்” என்றார்.

எல்லாப் போர்டும் இப்படி இறங்கி வருவதில்லை. நான்கு ராம் ஸ்லாட் உள்ள ஒரு போர்டில் இரண்டு மட்டும் வேலை செய்யவில்லை. அனுப்பிய கடைக்காரர் ராமை மாற்றிப் பார்த்திருக்கிறார், ஸ்லாட்டையே மாற்றச் சொல்லிக் குறிப்பும் எழுதியிருந்தார். மாஸ்டர் ஸ்லாட் பக்கம் போகவே இல்லை. பிராசசரைக் கழற்றி சாக்கெட்டின் மேல் லென்ஸை வைத்தார். ஓர் ஓரத்தில் ஒரே ஒரு பின் பக்கத்துப் பின்மேல் சாய்ந்திருந்தது. இதன் காரணம் கொஞ்சம் பழைய சரித்திரம். முன்பு ராமைக் கட்டுப்படுத்தும் சுற்று போர்டில் இருந்த நார்த்பிரிட்ஜ் சிப்பில் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அதைப் பிராசசருக்குள் கொண்டுபோனது, இன்டெல் 2008-இல். போதாக்குறைக்கு இன்டெல் 2004-இல் பின்களைப் பிராசசரிலிருந்து எடுத்துப் போர்டின் சாக்கெட்டில் வைத்துவிட்டது. அதனால் இன்று ஸ்லாட் செத்ததுபோலத் தெரிந்தால், ராமுக்கான கம்பி போய்ச் சேரும் அந்த மெல்லிய பின்னையும் சந்தேகப்பட வேண்டும். ஊசி முனையால் அதை நிமிர்த்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் அறையில் யாரும் அவரிடம் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் படியேறி வந்தார் ஒரு கல்லூரி மாணவர். பையில் இன்டெல்லின் பழைய ஜி41 சிப்செட் போர்டு, கையில் புதிதாக வாங்கிய 4 ஜிபி டிடிஆர்3 ராம்.

“அண்ணா, ஸ்லாட்ல கரெக்டா உட்காருது. ஆனா ஆன் ஆகல.”

“எங்க வாங்கின தம்பி? ஆன்லைன்லயா?”

“ஆமாண்ணா. ரேட் பாதிதான் இருந்துச்சு.”

மாஸ்டர் ராமைத் திருப்பிப் பார்த்தார். வாங்கியபோது விவரத்தில் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று இருந்ததா என்று கேட்டார். இருந்ததாம். அது விற்பனைக்காகப் போடும் பெயர் என்று தம்பி நினைத்துக்கொண்டார். உண்மையில் அது எச்சரிக்கை. ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் 4 பிட் தரும் அமைப்புள்ள ராம் அது. இன்டெல்லின் மேசைக் கணினிச் சிப்செட்டுகள் 8 அல்லது 16 பிட் சிப்புகளைத்தான் ஏற்கும். அந்தக் காலத்து ஏஎம்டி பிராசசர்கள் 4 பிட்டையும் சமாளித்துவிடும். அதனால்தான் விலை பாதி.

ஜி41-இல் இன்னொரு கண்ணி உண்டு. இன்டெல்லுக்கு ஏற்ற நல்ல ராமாகவே இருந்தாலும் 4 ஜிபி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 2 கிகாபிட். எட்டே சிப்பில் 4 ஜிபியை அடக்கிய பிற்கால ராமில் ஒவ்வொரு சிப்பும் 4 கிகாபிட். அந்தச் சிப்செட்டுக்கு அவ்வளவு அடர்த்தி தெரியாது. போர்டு எழாது, அல்லது பாதியை மட்டும் காட்டும். இதே கதை ஒரு தலைமுறை தள்ளி 16 ஜிபி டிடிஆர்3-இலும் நடக்கிறது. நான்காம் தலைமுறை வரையிலான இன்டெல் மேசைக் கணினிகளில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி என்பதே எல்லை. புதிய போர்டில் பழைய ராம் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய போர்டில் அதே இன ராமின் புதிய வார்ப்பும் சிக்கல் என்பது சந்தையில் அடிபட்டால்தான் தெரிகிறது. மாணவருக்கு டிராயரிலிருந்து 16 சிப் உள்ள பழைய ராம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். எழுந்தது.

ராம் ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இந்தப் படிக்கட்டில் ஏற வேண்டிய பாதித் தேவை இல்லாமல் போகும். ‘4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்’ என்று ஒன்று. 2ஆர் என்றால் இரண்டு ரேங்க், அதாவது சிப்புகளின் இரண்டு தொகுப்பு; எக்ஸ்8 என்றால் 8 பிட் சிப். பிசி3 என்பது டிடிஆர்3. 12800 என்பது நொடிக்கு இத்தனை மெகாபைட், அதை எட்டால் வகுத்தால் பரிச்சயமான 1600 கிடைக்கும். கடைசி எழுத்து எஸ் என்றால் லேப்டாப்புக்கான சிறிய வடிவம். யு என்றால் மேசைக் கணினி. ஆர் என்றால் சர்வருக்கானது, சாதாரண போர்டில் எவ்வளவு தேய்த்தாலும் ஓடாது. நடுவில் உள்ள ‘எல்’ சின்ன எழுத்துதான், ஆனால் ஆளைக் கவிழ்க்கும். டிடிஆர்3 ராமுக்கு 1.5 வோல்ட், எல் உள்ளதற்கு 1.35 போதும். எல் ராம் இரண்டு இடத்திலும் ஓடும். ஆனால் நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் 1.35 மட்டுமே வருகிறது. அங்கே எல் இல்லாததைப் போட்டால் கறுப்புத் திரைதான். 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு, லேப்டாப் ராம் வாங்கத் தெரியாதவர்களின் வீட்டுக்கும் லேப்டாப் போய்ச் சேர்ந்தது. சின்ன ஊர்க் கடைகள் இந்த எழுத்தைக் கற்றது அப்படித்தான் என்கிறார் மாஸ்டர்.

அறையின் மறு மூலையில் பயாஸ் வேலை பார்க்கிறார் ஓர் இளம்பெண். எட்டுக் கால் ஐசி, அதன்மேல் கவ்வும் கிளிப், சிஎச்341ஏ என்ற கைக்கு அடக்கமான புரோகிராமர். கடைகளில் கிடைக்கும் கறுப்பு ரகத்தில் ஒரு வினை இருக்கிறது. ஐசிக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. அவருடையதில் ஒயர் இழுத்துத் திருத்தியிருக்கிறார். 1.8 வோல்ட் ஐசி வந்தால் இடையில் அடாப்டர் போடுகிறார். எழுதுவதற்கு முன் உள்ளே இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிடுகிறார். ஒன்றாக இல்லாவிட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். “இன்னொரு போர்டோட ஃபைலை அப்படியே அடிச்சிடுவாங்க சார். போர்டு ஆன் ஆயிடும். அப்புறம் லேன் ஓடலை, விண்டோஸ் கீ காணோம்னு வருவாங்க” என்றார். அந்தப் போர்டுக்கே உரிய நெட்வொர்க் முகவரியும் சீரியல் எண்ணும் பல போர்டுகளில் அதே ஐசியில்தான் இருக்கின்றன.

ஷார்ட் கண்டுபிடிக்கும் முறை பார்க்கவே சுவாரசியமானது. பிராசசருக்கு 12 வோல்ட் வரும் கனெக்டரில் மீட்டர் பீப் அடித்தால் அருகில் உள்ள மாஸ்பெட் என்ற மின் சுவிட்ச் ஒன்று போயிருக்கலாம். அங்குள்ளவற்றில் 12 வோல்ட் பக்கத்து மாஸ்பெட் நேராக ஷார்ட் ஆனால், ஏறத்தாழ 1 வோல்ட்டில் வாழும் பிராசசருக்கு 12 வோல்ட் போய்ச் சேரும். ஆகவே பிராசசரைக் கழற்றாமல் மின்சாரம் ஏற்றிப் பார்ப்பதில்லை. ஷார்ட்டான லைனில் ஒரு வோல்ட் மட்டும் ஏற்றி, போர்டின்மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளிக்கிறார் மாஸ்டர். பலகை முழுக்க ஈரம். ஓரிடம் மட்டும் சட்டென்று காய்கிறது. கரன்ட் அங்கேதான் ஒழுகி, அந்தப் பாகத்தைச் சூடாக்குகிறது.

வாங்க வருபவர்களுக்கு இவர்கள் சொல்வது விளம்பரத்தாள் சொல்வதற்கு நேர் எதிர். போர்டிலிருந்து தொடங்காதே, பிராசசரிலிருந்து தொடங்கு. சாக்கெட் எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் பொருந்திவிடாது. இன்டெல்லின் எல்ஜிஏ1151 என்ற அதே எண்ணில் 2015-இல் ஆறாம் தலைமுறைக்கான போர்டுகள் வந்தன, 2017-இல் எட்டாம் தலைமுறைக்கானவை. எண் ஒன்று, மின் இணைப்பு வேறு, ஒன்றில் இன்னொன்று ஓடாது. எல்ஜிஏ1700-இல் சில போர்டு டிடிஆர்4, சில டிடிஆர்5. பெயரின் வாலில் ஒரு சின்னக் குறிப்புதான் வித்தியாசம். இரண்டுக்கும் 288 கால், வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி. அழுத்திச் செருகியவர்களின் போர்டுகளும் அந்தச் சுவரோரம் இருந்தன. ஏஎம்டியின் ஏஎம்4 நீண்ட ஆயுள் கண்ட சாக்கெட். 2017-இன் ரைசனும் 2020-இன் ரைசன் 5000-மும் அதில்தான். ஆனால் பழைய போர்டில் பயாஸைப் புதுப்பிக்காமல் புதியதைச் செருகினால் மறுபடியும் நோ டிஸ்ப்ளேதான். ஏஎம்5-இல் டிடிஆர்5 தவிர வேறு ராம் கிடையாது. அதில் முதல் முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரை நிற்கும். பயந்துபோய் அணைத்து அணைத்துப் போட்டு, கெட்டுவிட்டதென்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

இரண்டு ராம் வாங்கினால் ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வாங்கு, நான்கு ஸ்லாட் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு என்பது மாஸ்டரின் அடுத்த பாடம். வேகம் வேறான இரண்டைச் சேர்த்தால் குறைந்ததன் வேகத்துக்கு இரண்டும் இறங்கும். இதற்கு மேல், ராமின் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பி அது இதுவென்று பேச்செடுத்தால் அவருக்கு ஆர்வம் போய்விடுகிறது. கணக்கு எழுதும் கடைக்கு அதெல்லாம் எதற்கு என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை பயாஸில் ஒரு வரி மாற்றிப் பெறுவதில் என்ன குற்றம்?

2025-இன் கடைசியில் நினைவகச் சிப்புகளின் விலை தாறுமாறாக ஏறியது. உலகில் இவற்றைப் பெருமளவில் செய்யும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களும் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கே முதல் கவனம் கொடுக்கின்றன. மைக்ரான் தன் குரூசியல் என்ற சில்லறை ராம் வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. டிராயரில் கிடந்த பழைய ராம்களுக்கு அதோடு மரியாதை கூடிவிட்டது. செத்த போர்டில் இருந்து எடுத்த ராமை இப்போது தூக்கிப் போடுவதில்லை. மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓட்டி இரவு முழுக்க விட்டு, பிழை வராததை மட்டும் டப்பாவில் போட்டு, அடர்த்தியையும் வோல்ட்டையும் ஸ்டிக்கரில் எழுதி வைக்கிறார்கள்.

ராம் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் மாஸ்டர் கேட்பது ஒரு போட்டோ. பழைய ராமின் ஸ்டிக்கரையும் போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணையும் எடுத்து அனுப்பச் சொல்கிறார். அதைப் பார்த்தபின் “இருக்கு, வாங்க” என்றோ “இந்தப் போர்டுக்கு இதுக்கு மேல ஏறாது, காசை வச்சிக்கோங்க” என்றோ பதில் போகிறது. இரண்டாவது பதிலுக்கு யாரும் படியேறி வந்து கூலி கொடுப்பதில்லை.