கஜாவில் இருண்ட ஊர்... கரன்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் திருத்துறைப்பூண்டி!

காலை 6 மணி. திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில் டீக்கடை பாய்லர்கள் கொதிக்கத் தொடங்கிவிட்டன. திருவாரூர், மன்னார்குடி, வேதாரண்யம், முத்துப்பேட்டை, நாகப்பட்டினம் என நாலாபுறமும் கிளம்பும் பேருந்துகள் உறுமியபடி நிற்கின்றன. சென்னையிலிருந்து இரவெல்லாம் பயணித்து வந்தவர்கள், தூக்கக் கலக்கத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸைத் தேடுகிறார்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் டெல்டாக்காரர்களுக்கு மின்சாரப் பேருந்து இப்போது புதிதல்ல. இன்ஜின் சத்தம் இல்லை, புகை இல்லை. தரையோடு தாழ்ந்திருக்கும் வாசல் என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் சிரமமில்லாமல் ஏறலாம். அதில் பழகிவிட்டு ஊருக்கு வந்து, உயரமான படியில் காலைத் தூக்கி வைக்கும்போது 'நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்ப வரும்?' என்ற கேள்வி தானாகவே வந்துவிடுகிறது.

சென்னையில் தொடங்கிய பயணம்

2025 ஜூன் 30-ம் தேதி, சென்னை வியாசர்பாடி பணிமனையில் 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஆகஸ்ட்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மேலும் 135 பேருந்துகள் சாலைக்கு வந்தன. அவற்றில் ஏ.சி பேருந்துகளும் உண்டு. ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 200 கி.மீ ஓடும் என்பது கணக்கு.

பஸ்ஸை வாங்கி நிறுத்தினால் மட்டும் போதாது. வியாசர்பாடியில் பேருந்துகள் வருவதற்கு முன்பே பணிமனையைச் சீரமைத்து, டிரான்ஸ்ஃபார்மர், சார்ஜர் என எல்லாவற்றையும் அமைக்க வேண்டியிருந்தது. டீசல் பஸ்ஸுக்கு ஒரு பங்க் போதும். மின்சார பஸ்ஸுக்கு டிப்போவே பங்க்!

நீளமான பஸ் சரிப்படுமா?

சென்னையில் ஒரு காலத்தில் ஓடிய வெஸ்டிபியூல் பஸ்ஸைப் பலருக்கும் நினைவிருக்கும். இரண்டு பெட்டிகளை இணைத்து, நடுவில் துருத்தி போன்ற மடிப்புத் திரை வைத்த நீளமான வண்டி. திருப்பத்தில் அந்த மடிப்பு ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் விரியும். குழந்தைகள் அந்த இடத்தில் நிற்பதற்கே அடம்பிடிப்பார்கள்.

அதே வகை வண்டிகள் உலகின் பல நகரங்களில் இப்போது பேட்டரியில் ஓடுகின்றன. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 23-ம் எண் வழித்தடம் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 18 மீட்டர் நீளமுள்ள பஸ். குறிப்பிட்ட சில நிறுத்தங்களில், ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்துக்குள் கூரையிலிருந்து ஒரு கை நீண்டு மேலேயுள்ள சார்ஜரைத் தொடுகிறது. 20 விநாடிக்குள் கொஞ்சம் சார்ஜ் ஏறிவிடுகிறது. வழியிலேயே இப்படி நிரப்பிக்கொள்வதால், பெரிய பேட்டரியைச் சுமக்க வேண்டியதில்லை.

திருத்துறைப்பூண்டிக்கு அவ்வளவு நீளமான வண்டி பொருந்தாது. கடைத்தெரு நெருக்கடியிலும், வாய்க்கால் ஓரம் வளைந்து செல்லும் கிராமத்துச் சாலையிலும் 12 மீட்டர் பஸ்ஸைத் திருப்பவே டிரைவருக்குத் தனித் திறமை வேண்டும். ஆனால், ஜெனீவாவின் யோசனை பொருந்தும். பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே சார்ஜ் செய்வது! பேருந்து நிலையத்தில் அடுத்த டிரிப்புக்காக வண்டி காத்திருக்கும் நேரத்தையே சார்ஜ் நேரமாக மாற்றிவிடலாம்.

தூரமும் தடையில்லை. இங்கிருந்து திருவாரூருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. போய்வர 60 கி.மீ. 200 கி.மீ ஓடும் பஸ் ஒரே சார்ஜில் மூன்று முறை போய்வந்துவிடும். அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் நடுவில் கொஞ்சம் சார்ஜ் போட்டால் போதும். டெல்டா பூமி மேடு பள்ளமில்லாத சமவெளி என்பதால், மலைச்சாலையில் ஏறுவதுபோல மின்சாரம் கரையாது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஊருக்கு ஊர் நின்று போகும் டவுன் பஸ்ஸுக்கு இது லாபம்தான்.

அந்த நவம்பர் இரவு

ஆனால், இந்த ஊர்க்காரர்களிடம் 'கரன்ட்டில் ஓடும் பஸ்' என்றதும் எழக்கூடிய சந்தேகம் வேறு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், திருத்துறைப்பூண்டியையும் சுற்றுவட்டாரத்தையும் புரட்டிப்போட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. டெல்டா முழுக்க பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில், சில இடங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர். செல்போனுக்கு சார்ஜ் போட ஜெனரேட்டர் வாசலில் கூட்டம்.

அந்த நாள்களில் சாலையில் விழுந்த மரங்களை வெட்டி அகற்றியதும் ஓடியவை டீசல் பஸ்கள்தான். எல்லாமே கரன்ட் பஸ்ஸாக இருந்திருந்தால் நிவாரணப் பொருள் எப்படி வந்திருக்கும், நோயாளிகள் எப்படிப் போயிருப்பார்கள்? நியாயமான பயம் இது.

இதற்கும் வழிகள் இருக்கின்றன. டிப்போவுக்கு வரும் மின்பாதையைப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுவருவது, கூரையில் சோலார் அமைப்பது, சில டீசல் வண்டிகளைக் கையிருப்பில் வைத்திருப்பது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் சில மின்சாரப் பள்ளிப் பேருந்துகள், சும்மா நிற்கும் நேரத்தில் தங்கள் பேட்டரியிலிருந்து மின்கட்டமைப்புக்கே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. அதற்கேற்ற சார்ஜரும் வண்டியும் இருந்தால், புயலுக்கு முன்பே முழுசாக சார்ஜ் ஏற்றிய ஒரு பஸ், நிவாரண முகாமுக்கு விளக்கும் செல்போன் சார்ஜும் தரும் ஜெனரேட்டராக நிற்க முடியும். கஜாவைப் பார்த்த ஊருக்கு இதன் அருமை சொல்லிப் புரிய வேண்டியதில்லை.

பட்டியலில் இல்லாத டெல்டா

2025-26 தமிழக பட்ஜெட்டில் 1,125 மின்சாரப் பேருந்துகள் அறிவிக்கப்பட்டன. சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. நெரிசலும் புகையும் அதிகமுள்ள பெரிய நகரங்களுக்கு முதலிடம் கொடுத்ததில் தவறில்லை. ஆனால், அந்தப் பட்டியலில் டெல்டா இல்லை.

கார், பைக் என மாற்று வழி வைத்திருப்பவர்களைவிட, பஸ்ஸை மட்டுமே நம்பி இருப்பவர்கள் இங்கே அதிகம். நடவுக்குப் போகும் பெண்கள், கல்லூரி மாணவிகள், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள். ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதைநெல் வாங்கி, அதைப் பெருக்கி நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வந்த விவசாயிகளிலும் பஸ்ஸில் வந்தவர்கள் உண்டு. தாழ்தள வாசல் இவர்களுக்கு வசதி மட்டுமல்ல, கௌரவமும்கூட.

இரவு 10 மணிக்கு மேல் திருத்துறைப்பூண்டி டிப்போவுக்குள் பேருந்துகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. டீசல் நிரப்பி, கழுவி, விடியற்காலை முதல் டிரிப்புக்குத் தயாராகின்றன. அந்த சில மணி நேரம் ஒரு பஸ் சார்ஜ் ஏறப் போதுமானது. அதற்கு முதலில் வேண்டியது, புயலிலும் அணையாத ஒரு மின் இணைப்பு. அது வந்துவிட்டால், பின்னாலேயே பஸ்ஸும் வரும்.