முடிவு எப்படி?

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு எலெக்ட்ரிகல் இன்ஜினீயர் இருந்தார். தலகாணி சைஸில் இரண்டு பாகமாக ஒரு ஆங்கிலப் புத்தகத்தை என் கையில் திணித்தார். ராபர்ட் மூஸில் எழுதிய 'குணங்களற்ற மனிதன்'. மொத்தம் 1,700 பக்கத்துக்கு மேல். ஆறு மாசம் பார்க்கும்போதெல்லாம் "எத்தனாவது பக்கம்?" என்று கேட்டார். தொல்லை தாங்காமல் ஒருநாள் "முடிச்சிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

"முடிவு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம் சார்."

மனுஷர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தம்பி, அதுக்கு முடிவே கிடையாது. முடிக்கிறதுக்குள்ள எழுதினவன் செத்துப் போயிட்டான்."

நான் பின்னட்டையைக்கூடப் படிக்கவில்லை என்பது நடுத்தெருவில் அம்பலமாயிற்று. நீங்களும் யாரிடமாவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் என் நிலைமை புரியும். அந்த அவமானத்தில்தான் மூஸில் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1880-ல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் ஊரில் பிறந்தவர். அப்பா இன்ஜினீயரிங் பேராசிரியர். பையனை ராணுவப் பள்ளியில் போட்டார்கள். கவிஞர் ரில்கேயும் அவதிப்பட்ட அதே பள்ளி. அது சரிப்படாமல் இன்ஜினீயரிங் படித்தார். ஸ்டுட்கார்ட் நகரத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. போரடித்தது. போரடித்ததால் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார். (நமக்குப் போரடித்தால் டி.வி. ரிமோட்டைத் தேடுகிறோம்.) பிறகு பெர்லினுக்குப் போய்த் தத்துவமும் உளவியலும் படித்து, இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் பற்றி ஆய்வு செய்து 1908-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். நடுவில், நிறங்களைச் சுழற்றிப் பார்த்துப் பரிசோதிக்க ஒரு கருவி வேறு வடிவமைத்தார்.

போரடித்து எழுதிய அந்த முதல் நாவல், 'டோர்லெஸ்', 1906-ல் வந்தது. ராணுவப் பள்ளி ஹாஸ்டலில் திருட்டில் மாட்டிக்கொண்ட ஒரு பையனை மற்ற பையன்கள் ரகசியமாக வதைக்கிற கதை. சிறுகச் சிறுகக் கொடுமை பழகிப் போவதையும், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனின் மனசையும் எழுதியிருந்தார். ஹிட்லர் வருவதற்கு இருபத்தேழு வருஷம் முன்னால். ஒரே நாவலில் பெயர் வந்துவிட்டது. கிராஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்கு அழைத்தார்கள். எழுத்துதான் முக்கியம் என்று வேண்டாமென்றார். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை வேறு! அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்?

1911-ல் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஓவியர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர், மூஸிலைவிட ஆறு வயசு பெரியவர். முதல் உலகப் போரில் மூஸில் இத்தாலி எல்லையில் அதிகாரியாக இருந்தார். 1915-ல் ஒரு விமானத்திலிருந்து போட்ட இரும்பு அம்பு அவருக்கு மிக அருகில் மண்ணில் இறங்கியது. அது பாடிக்கொண்டே வந்த சத்தத்தை அவர் மறக்கவே இல்லை. பின்னால் ஒரு கதையில் பயன்படுத்தினார்.

போர் முடிந்தது. அவர் பிறந்த சாம்ராஜ்யமே காணாமல் போயிருந்தது. அதைப் பற்றித்தான் பெரிய நாவல்.

கதை 1913-ல் நடக்கிறது. உல்ரிச் என்பவனுக்கு 32 வயசு. ராணுவம், இன்ஜினீயரிங், கணிதம் மூன்றையும் பார்த்துவிட்டான். ஒருநாள் பேப்பரில் ஒரு பந்தயக் குதிரையை 'மேதை' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறான். குதிரையே மேதை ஆனபிறகு நாம் எதற்கு என்று வாழ்க்கையிலிருந்து ஒரு வருஷம் லீவ் எடுத்துக்கொள்கிறான். அந்தச் சமயம் பார்த்து வியன்னாவில் ஒரு கமிட்டி போடுகிறார்கள். சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசப் 1918-ல் எழுபது வருஷ ஆட்சியை நிறைவு செய்வார். அதே வருஷம் ஜெர்மன் சக்கரவர்த்திக்கு முப்பது வருஷம். அவர்களை மிஞ்சுகிற மாதிரி நாம் கொண்டாட வேண்டும். அதற்கு ஒரு மகத்தான கருத்து வேண்டும். என்ன கருத்து? அதைக் கண்டுபிடிக்கத்தான் கமிட்டி. உல்ரிச் செயலாளர். குவிகிற யோசனைகளை இரண்டு ஃபைலாகப் பிரிக்கிறான். ஒன்றில் எல்லாம் பின்னோக்கிப் போவோம் ரகம், இன்னொன்றில் முன்னோக்கிப் போவோம் ரகம். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் கூட்டம் நடக்கிறது. தீர்மானம் மட்டும் வரவில்லை. நீங்கள் ஏதாவது அபார்ட்மென்ட் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் இந்த இடம் உங்களுக்கு இனிக்கும்.

படிக்கிற நமக்கு ஒன்று தெரியும், அவர்களுக்குத் தெரியாது. 1914-ல் போர். 1916-ல் கிழவர் ஃபிரான்ஸ் ஜோசப் போய்ச் சேர்ந்தார். அவர்கள் கொண்டாட நாள் குறித்த அதே 1918-ல் இரண்டு சாம்ராஜ்யமும் கவிழ்ந்தன. ஜோக்குக்குச் சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த நாட்டுக்கு மூஸில் வைத்த பெயர் 'காக்கானியா'. அரசு அலுவலகங்களில் எல்லாம் 'கா. கா.' என்று இரண்டு எழுத்து போட்டிருக்குமாம், 'சக்கரவர்த்தி-மன்னர்' என்பதன் சுருக்கம். ஆனால் ஜெர்மன் குழந்தைகள் பேச்சில் 'காக்கா' என்றால், நம் வீட்டுக் குழந்தைகள் சொல்லும் அதே 'கக்கா'தான். மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒரே இடம்.

எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. ஒரு ராணுவ ஜெனரல், உலகத்தின் மிக உயர்ந்த சிந்தனையைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று அரசு நூலகத்துக்குப் போகிறார். மொத்தம் 35 லட்சம் புத்தகங்கள். நாளுக்கு ஒன்று படித்தால் சுமார் 10,000 வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டு மலைத்துப் போகிறார். நூலகரிடம் எப்படி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், தலைப்பையும் பொருளடக்கத்தையும் தாண்டி எதையுமே படிப்பதில்லை, அதுதான் ரகசியம் என்கிறார். மூஸில் 1911 முதல் சில வருஷம் வியன்னாவில் நூலகர் வேலை பார்த்தவர். பட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

முதல் பாகம் 1930-ல் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். வீட்டில் காசில்லை. நண்பர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். பின்னாளில் நோபல் வாங்கிய எலியாஸ் கானெட்டி அந்தக் காலத்து மூஸிலைப் பற்றி எழுதியிருக்கிறார். மூஸில் பணத்தைக் கையால் தொடவே விரும்ப மாட்டார், எல்லாம் மார்த்தாதான். ஒருமுறை கானெட்டி, தாமஸ் மன் தனக்குக் கடிதம் எழுதியதை உற்சாகமாகச் சொல்லிவிட்டார். அத்தோடு மூஸிலின் முகம் இறுகிவிட்டது. மூஸில் எழுதின பக்கங்களைப் படித்து வியந்த எனக்கு இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், இருபது வருஷம் ஒரே புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்கு, வருஷத்துக்கு வருஷம் புகழ் வளர்கிற இன்னொருத்தர் பெயர் எரியத்தானே செய்யும்?

ஹிட்லர் ஜெர்மனியில் பதவிக்கு வந்ததை ஒட்டி இரண்டாம் பாகத்தின் ஒரு பகுதி வெளியானது. 1936-ல் மூஸிலுக்குப் பக்கவாதம் வந்து தேறினார். அதற்கு அடுத்த பகுதி, இருபது அத்தியாயம், அச்சுக் கோத்து ப்ரூஃப் வரை வந்துவிட்டது. திருத்தம், திருத்தத்துக்கு மேல் திருத்தம். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. பதிப்பாளர் ஊரைவிட்டு ஓடினார். சில மாதங்களில் மூஸிலும் மார்த்தாவும் ஸ்விட்சர்லாந்துக்குக் கிளம்பினார்கள். புத்தகங்கள் தடை செய்யப்பட்டன. லெஜூன் என்ற பாதிரியார் அங்கே இங்கே பணம் புரட்டி உதவினார். ஜெனீவாவில் உட்கார்ந்து அதே இருபது அத்தியாயத்தை மூஸில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கோடைக்கால நாள், தோட்டம், அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாவலில் அந்த நாள் நகரவே மாட்டேன் என்றது. வெளியே ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது.

1942 ஏப்ரல் 15. காலையில் எழுதினார். மதியச் சாப்பாட்டுக்கு முன் குளிக்கப் போனார். மார்த்தா போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. வயசு 61. முகத்தில் ஒரு கேலியும் லேசான ஆச்சரியமும் இருந்ததாக மார்த்தா பின்னால் எழுதினார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் எட்டுப் பேர்.

மறு வருஷமே மார்த்தா, மிச்சமிருந்த கைப்பிரதிகளிலிருந்து ஒரு பாகத்தை லொசானில் சொந்தச் செலவில் அச்சிட்டார். அவர் 1949-ல் இறந்தார். 1952-ல் பெரிய பதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1999-ல் ஜெர்மன் எழுத்தாளர்கள், விமர்சகர்கள், ஆய்வாளர்களிடம் நூற்றாண்டின் முக்கியமான ஜெர்மன் நாவல் எது என்று ஓட்டெடுத்தார்கள். முதலிடம் இதற்கு. காஃப்காவும் தாமஸ் மன்னும் அடுத்தடுத்து.

இன்ஜினீயர் சார் காலமாகிவிட்டார். புத்தகத்தைக் கடைசிவரை திருப்பிக் கேட்கவே இல்லை. போன மாதம் மறுபடி எடுத்தேன், இந்த முறை பொய் சொல்வதற்கு ஆளில்லை. முதல் பாகம் முழுக்க அவருடைய பென்சில் கோடுகள், ஓரத்தில் சின்னச் சின்ன எழுத்தில் குறிப்புகள். இரண்டாம் பாகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய பாதியில் கோடுகள் நின்றுவிடுகின்றன. அங்கே ஒரு பழைய பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.