வேலிக்கு வெளியே ஓட்ஸ்

ஜனவரி 11

பழநி மலைத்தொடரில் மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் முதலிய ஊர்கள் அடங்கிய மேல்மலைப் பகுதியில், மார்கழி, தை மாதங்களில் விழும் உறைபனி புல்லைக் கருக்கிவிடுவதால், கடமான்களும் காட்டுமாடுகளும் மேய்ச்சல் தேடிக் காய்கறித் தோட்டங்களுக்குள் இறங்குவது ஆண்டுதோறும் காணப்படுவதே. இக்குறிப்புகளில் நிலத்துக்காரர் எனப்படுபவரின் கேரட் தோட்டத்துக்குள் நேற்றிரவு புகுந்தது எது என்பதைக் கடித்த தடமே காட்டிக்கொடுத்தது. முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போலிருக்கும். மான் இனத்துக்கு மேல்தாடையில் முன்வெட்டுப் பற்கள் இல்லாமையால், அது கவ்விப் பிய்த்த தண்டின் முனையில் நார் தொங்கும். தழை போன இடமெல்லாம் நார் தொங்கியது. காட்டுப்பன்றி வந்திருந்தால் மண் புரண்டிருக்கும், காட்டுமாடு வந்திருந்தால் குளம்பு இன்னும் ஆழமாகவும் அகலமாகவும் பதிந்திருக்கும். கடமான்தான்.

ஜனவரி 12

ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 20

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தங்கை மகன் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னார். அங்கே வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுவோர், காட்டோரத்தில் சிறு துண்டு நிலத்தைத் திருத்தி, புளிப்பு மண்ணானால் சுண்ணாம்பு இட்டு, க்ளோவர் என்னும் தீவனப் பயிரையோ ஓட்ஸையோ டர்னிப்பையோ விதைத்து, அதை அறுக்காமல் மானுக்கே விட்டுவிடுகிறார்கள். இதை ஃபுட் பிளாட் என்கிறார்கள். அம்பு நம்பகமாகத் தைப்பது இருபது, முப்பது மீட்டருக்குள்தான் என்பதால் வில்லாளியின் பாத்தி சிறியதாக இருக்க வேண்டும். மனித வாடை மானை எட்டாதபடி, காற்று வீசும் திசை பார்த்து, மரத்தின்மேல் இருக்கை கட்ட வேண்டும். மானுக்கு ஊட்டம், கொம்புக்கு வளர்ச்சி, அம்புக்கு வசதி என மூன்றையும் ஒரே விதைப்பில் முடிக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியம் தெரிகிறது.

“மாமா, நீங்க சுடவும் வேண்டாம், எய்யவும் வேண்டாம். வேலிக்கு வெளியே ஓட்ஸைத் தூவி விடுங்க, அது அங்கேயே நின்னுக்கும்” என்பது அவர் வாதம்.

பிப்ரவரி 3

வேட்டையைப் பற்றிய சட்டத்தை நிலத்துக்காரர் இதுவரை துப்பாக்கியோடு மட்டுமே சேர்த்து எண்ணியிருந்தார். நீலகிரியில் 1879இலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அன்றைய காப்பு, வேட்டைக்கு விலங்கு தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் காப்பேயன்றி வேறன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, கொல்லுதல், பிடித்தல், கண்ணி வைத்தல் ஆகியவற்றோடு இரை காட்டி ஈர்த்தலையும் வேட்டை என்னும் வரையறைக்குள்ளேயே வைக்கிறது. தங்கை மகனின் ஊரில் உரிமச் சீட்டோடு செய்யப்படுவது இங்கே அம்பு நாணேறும் முன்பே குற்றமாகிவிடும். எய்யும் எண்ணமே இல்லாதவன் தன் பட்டா நிலத்தில் ஓட்ஸ் விதைப்பது எந்த வகையில் சேரும் என்பதுதான் இரவெல்லாம் தொந்தரவு செய்த கேள்வி.

பிப்ரவரி 8

விதைத்தாயிற்று. மூன்று சென்ட்.

பிப்ரவரி 19

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியெல்லாம் நினைவில் நின்றது வள்ளியின் கதை. மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, வேடர் தலைவன் நம்பிராசனால் வளர்க்கப்பட்டு, தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டியவள் அவள். அவளைத் தேடி வேடனாக வந்த முருகன், வள்ளி திருமண நாடகத்தில், தான் துரத்திய மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். மானும் வில்லும் விளைபுனமும் பரணும் அமெரிக்கப் பாத்தியில் உள்ளவைதாம். ஆனால் புனத்துப் பரண் கவண் வீசி, கூவி, வந்ததை விரட்டுவதற்கு, அங்குள்ள பரணோ மூச்சடக்கி, வருவதை வரவிடுவதற்கு. நம்பிராசன் கூட்டம் வேட்டைக்குப் போகாமலா இருந்தது, புனத்தில் மேய வந்த மானை எய்யாமலா விட்டது என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று.

மார்ச் 5

மூன்று கடமான்கள், அந்தி நேரத்தில், ஓட்ஸில். கேரட் பக்கம் திரும்பவேயில்லை. நிலத்துக்காரர் இரண்டாம் முறை தேநீர் போட்டுக்கொண்டு சன்னலை விட்டு நகராமல் நின்றார், மனைவி சிரித்தார்.

மார்ச் 14

மேல்மலையின் இயற்கைப் புல்வெளி போன வழி எல்லாருக்கும் தெரிந்ததே. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட வாட்டில் மரமும், பைனும், தைல மரமும் புல்மேட்டில் நடப்பட்டன; வாட்டில் பின்னர் தானாகவே பரவிற்று, அதன் அடர்ந்த நிழலில் பழைய புல் எழும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, நாற்பது ஆண்டுகளில் பழநி மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கண்டது. காரணமாக அது காட்டியது மரத்தோட்டங்களை மட்டுமன்று, விளைநிலங்களையும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது இந்த இழப்பின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. கேரட் தோட்டம் இருக்கும் சரிவில் தன் சிறுவயதில் இடுப்புயரப் புல் நின்றதாக நிலத்துக்காரரின் தாயார் சொல்வதுண்டு.

மார்ச் 15

கேரட்டிலும் வாய் வைத்துவிட்டன. கோபம்.

மார்ச் 27

ஓட்ஸ் பாத்தியின் கீழ்விளிம்பில், மான்கள் நுழைந்து நுழைந்து புல் படிந்துபோன தடத்துக்கு நேராக, இரு வாட்டில் கன்றுகளுக்கு நடுவே, மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் ஆன சுருக்கு ஒன்று முழங்கால் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. வாடை தெரியாமலிருக்கக் கம்பியில் சேறு பூசியிருந்தார்கள். தடத்தைத் தேடி அலையும் வேலை அவர்களுக்கு இருக்கவில்லை. தகவல் கேட்டு வந்த வனக்காப்பாளர் கம்பியை அறுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாத்தியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“ஐயா, இந்த ஓட்ஸ் யாருக்குப் போட்டது?”

மாட்டுக்கு என்றார் நிலத்துக்காரர். மாட்டை விற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

மார்ச் 28

மழை.

ஏப்ரல் 6

உழுதுவிட்டால் மான்கள் நேரே கேரட்டுக்கு வரும். விட்டுவைத்தால் சுருக்கு வைத்தவர்கள் மறுபடியும் வரக்கூடும். இரவில் விளக்கோடு காவல் இருந்தால் சுருக்கு வைப்பவரோடு மானும் வராது, மான் வராவிட்டால் ஓட்ஸ் எதற்கு? தங்கை மகனிடம் கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்டது மான்கள் வந்தனவா என்பது மட்டுமே, வந்தன என்று சொல்லப்பட்டது. பவர் டில்லர் வைத்திருப்பவர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பாத்தியை உழ வேண்டும் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.