கைக்கெட்டும் தொலைவு

நுழையும்முன்

ஒரு பொருளைச் செய்பவர் ஒருவர். அதனைப் பயன்படுத்துபவர் மற்றொருவர். செய்தவரின் எண்ணம் பயன்படுத்துபவரின் கையைச் சென்று சேர்கிறதா? வீட்டிலேயே கட்டப்பட்ட சிறு வானூர்தி ஒன்றின் வழியே இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

கொட்டகையில் பிறக்கும் வானூர்தி

வானூர்தி என்றதும் பெருந்தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். ஆயினும், அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு வானூர்தியைத் தம் கையால் கட்டிப் பறப்போர் பலர் உளர். பர்ட் ரூட்டன் என்பார் வடிவமைத்து, 1979ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த 'லாங் ஈசி' அவர்களிடையே புகழ்பெற்றது. நுரைப்பாளத்தை இறக்கை வடிவில் அறுத்து, பிசினில் தோய்ந்த கண்ணாடியிழைத் துணியை அதன்மேல் போர்த்தி இதனைக் கட்டுவர். இருவர் முன்னும் பின்னுமாக அமரலாம். பொறி பின்புறத்தில் இருக்கும்.

இறக்கையின் எடையை நிறுக்கலாம், வலிமையைச் சோதிக்கலாம். விமானி அறையில் பொருத்தும் கைப்பிடிகளுக்கோ மனித உடலே அளவுகோல். கையின் நீளம், தோளின் திருப்பம், காலின் ஊன்றல், பதற்றத்தில் தடுமாறும் விரல் ஆகிய அனைத்தும் அங்கே கணக்கில் வரவேண்டும். எனவே, பட்டறிவு உடையோர் ஒட்டுப்பலகையாலும் அட்டையாலும் முதலில் மாதிரி அறை ஒன்றைச் செய்வர். இருக்கைவாரை இறுக்கிக்கொண்டு அதில் அமர்ந்து, ஒவ்வொரு கைப்பிடியையும் எட்டித் தொட்டுப் பார்ப்பர்; கண்களை மூடிக்கொண்டும் தேடிப் பார்ப்பர்.

விரல் அறியும் வேறுபாடு

இவ்வறிவு போர்க்காலத்தில் கற்ற பாடம். இரண்டாம் உலகப்போரின்போது, 'பி-17' என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில பத்திரமாகத் தரையிறங்கிய பின்னரும் சேதமுற்றன. இறக்கை மடல்களை மடக்க எண்ணிய விமானிகள், தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். 1943ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்தார் உளவியலறிஞர் அல்போன்ஸ் சப்பானிஸ். இவ்விரண்டுக்கும் உரிய விசைகள் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. சக்கர விசையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மடல் விசையில் ஆப்பு வடிவத் துண்டையும் அவர் பொருத்தச் செய்தார். கண் நோக்காதபோதும் விரல் வேறுபாட்டை உணர்ந்தது, தவறும் நின்றது. இன்றும் விமானங்களில் சக்கரக் கைப்பிடி சக்கர வடிவிலேயே அமைகிறது.

தோளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி

இப்பாடம் மறக்கப்பட்ட இடத்தில் ஓர் உயிர் போயிற்று. லாங் ஈசியில் இருபுறமும் எரிபொருள் கலங்கள் உண்டு. எதிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்பதை ஒரு கைப்பிடி முடிவுசெய்யும். ரூட்டனின் வரைபடப்படி அது விமானியின் கால்களுக்கிடையே இருக்கவேண்டும். ஒருவர் கட்டிய வானூர்தியிலோ அது விமானியின் இடத் தோளுக்குப் பின்னுள்ள தடுப்பில் பொருத்தப்பட்டது. எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாது என்பதே கட்டியவரின் நோக்கம்.

அவ்வானூர்தி பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வரிடம் வந்தது. அவர் பல்லாண்டுகள் பறந்து பழகியவர். எனினும், அவ்வூர்திக்குப் புதியவர். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், கலிபோர்னியாவின் மாண்டரேயில் அவர் பறக்க ஆயத்தமானார். கைப்பிடி எட்டவில்லை. பணியாளர் ஒருவர் தந்த இடுக்கியைப் பொருத்தி அதனை நீட்டிப் பார்த்தும் பயனில்லை. எரிபொருள் அளவு தோளுக்குப் பின்னால் தெரிவதால், அதனைக் காணக் கண்ணாடி ஒன்று கொடுக்கப்பட்டது. எரிபொருள் நிரப்பிக்கொள்ளாமலே அவர் புறப்பட்டார். சிறிது நேரத்தில் வானூர்தி கடலில் விழுந்தது, அவர் உயிரிழந்தார்.

விசாரணை அலுவலர்கள் அதேபோன்ற வானூர்தியில் அமர்ந்து சோதித்தனர். கைப்பிடியைத் தொட வேண்டுமாயின், கட்டுப்பாட்டுக் கோலை விட்டுவிட்டு உடலை முழுதும் திருப்பவேண்டியிருந்தது. அவ்வாறு திரும்புகையில், உடலைத் தாங்க வலக்கால் சுக்கான் மிதியைத் தானாகவே அழுத்தியது. கலம் மாற்றும் முயற்சி, ஊர்தியின் போக்கையே மாற்றியிருக்கிறது. விமானியின் போதாத முன்னேற்பாட்டையும் பயிற்சிக் குறைவையும் காரணங்களாகக் கூறிய விசாரணை வாரியம், கைப்பிடியின் இடத்தையும் அதில் குறியீடுகள் இல்லாமையையும் சேர்த்தே சுட்டியது.

செய்தவரும் பயன்கொள்பவரும்

கட்டியவர் தீங்கு எண்ணியவர் அல்லர்; தீ விபத்தை அஞ்சியே அவ்வாறு செய்தார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும், ஓர் இடரை நீக்கும் கை, அறியாமலே மற்றோர் இடரை நட்டுவிடக்கூடும். தம் வீட்டு விளக்கின் விசையை இருளிலும் தொட்டுவிடுபவர், அன்று வந்த விருந்தினர் சுவரெங்கும் தடவுவதை எண்ணிப் பார்ப்பதில்லை. செய்தவருக்கு நினைவில் இருப்பது, பிறருக்குக் குறியீடாக எழுதப்பட்டிருக்கவேண்டும். செய்தவரின் பழக்கம் ஈடுசெய்வதை, பிறருக்குக் கைப்பிடியின் இடமே ஈடுசெய்யவேண்டும்.

கட்டியவரின் கையைவிட்டுப் பொருள் ஒருநாள் வெளியேறும். அன்று அதனுடன் அவர் செல்லமாட்டார். அவர் தேர்ந்த இடமும் வடிவமும் மட்டுமே செல்லும். முன்பின் அறியாத ஒருவர், நெருக்கடியான நொடியொன்றில் கையை நீட்டுவார். அந்தக் கை எட்டும் இடத்தில் பொருளை வைப்பதே வடிவமைப்பு. அதுவே அவர்மீது காட்டும் அக்கறையும் ஆகும்.