ஜெயங்கொண்டத்தில் இப்போ மணி என்ன?

எங்கள் ஊர் ஜெயங்கொண்டம். பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். 1025-ம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான். என்னை என் கம்பெனி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. 2012-ல் கிழக்குக் கரையில் தான்சானியாவின் தார் எஸ் ஸலாம். 2015-ல் மேற்கே கானாவின் அக்ரா.

"ரெண்டும் ஆப்பிரிக்காதானே, பக்கத்துப் பக்கத்துல இருக்குமே!" என்றார் மாமா. நடுவில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது ஸார்! மூன்று மணி நேர வித்தியாசம் வேறு.

தார் எஸ் ஸலாம் நமக்கு இரண்டரை மணி பின்னால். போன முதல் வாரமே மூக்குடைபட்டேன். "நாளைக்கு எப்போ வருவீங்க?" என்று டிரைவரிடம் கேட்டேன். "ஸா ம்பிலி" என்றார். ம்பிலி என்றால் இரண்டு. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு டிப்டாப்பாக வாசலில் நின்றேன். அவரோ காலை எட்டுக்கே வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்! ஸ்வாஹிலி கணக்கில் விடிந்த பிறகுதான் மணி ஆரம்பம். நம் ஏழு அவர்களுக்கு ஒன்று, எட்டு இரண்டு. நம்ம ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அதே சமாசாரம்!

அங்கே பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" சொல்ல வேண்டும். 'காலைப் பிடிக்கிறேன்' என்று அர்த்தமாம். அவசரப்பட்டால் "போலே போலே" என்பார்கள். மெல்ல மெல்ல!

அக்ரா ஐந்தரை மணி பின்னால். பக்கத்துத் தேமா வழியாகத்தான் கிரீன்விச் கோடு போகிறது. அங்கே பிறந்த கிழமையை வைத்தே ஒரு பெயர் உண்டு. க்வாமே நக்ருமா சனிக்கிழமைக்காரர். நான் வெள்ளி என்றதும் ஆபீஸில் 'கோஃபி' ஆகிவிட்டேன். ஒருநாள் கடையில் இடது கையால் காசு நீட்டினேன். கடைக்கார அம்மா முறைத்ததைப் பார்த்து எங்கள் பாட்டியே எதிரில் நிற்கிறாளோ என்று நினைத்தேன்.

இரண்டு ஊரிலும் வேலை முடிந்து ஏழு மணிக்கு அம்மாவுக்கு போன் பண்ணுவேன். முதல் ரிங்கிலேயே எடுப்பாள்.

"தூங்கலியாம்மா?"

"இல்லடா, சும்மாதான் உக்காந்திருந்தேன். சாப்பிட்டியா?"

லீவில் வந்தபோது சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஐந்தரை மணி பின்னால் ஓடியது. சரி பண்ணலாமே என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"தொடாதே! அது உன்னோட மணி" என்றாள் அம்மா.

அப்போதுதான் உறைத்தது. தார் எஸ் ஸலாமில் ஏழு என்றால் இங்கே ஒன்பதரை. அக்ராவில் ஏழு என்றால் நடுராத்திரி பன்னிரண்டரை! கணக்குப் போட்டு மாத்தியிருக்க வேண்டியவன் நான். அவளோ தினமும் தூக்கத்தைக் கொடுத்து ஈடு கட்டியிருக்கிறாள்.

இப்போது அக்ராவில் காலை ஆறுக்கே எழுந்து பேசுகிறேன். இங்கே பதினொன்றரை.

"அடுப்புல குழம்பு கொதிக்குதுடா, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறாள்.

கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?