எரிக்காவின் பிள்ளை

2006இல் நியூஜெர்சியில் இருந்தேன். எச்-4 விசா. கணவரின் வேலையை ஒட்டி வருவது; அப்போதைய விதிப்படி நான் வேலைக்குப் போகக் கூடாது. மதியம் ஒரு மணிக்கு ஏபிசியில் 'ஆல் மை சில்ட்ரன்' வரும். ஆங்கிலம் பழகப் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் எரிக்கா கேனைப் பார்க்கத்தான்.

எரிக்காவாக நடித்தவர் சூசன் லூச்சி. 1970 ஜனவரியில் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 23. 2011 செப்டம்பரில் ஏபிசி அதை நிறுத்தும்வரை அவர்தான் எரிக்கா. பொய் சொல்வாள், அடுத்தவள் புருஷனைப் பறிப்பாள், ஒரு காட்சியில் காட்டுக் கரடியையே அதட்டுவாள். செல்லாதவற்றையும் சேர்த்தால் பத்துக் கல்யாணத்துக்குக் குறையாது. நம் வீட்டில் 'அடங்காப்பிடாரி' என்பார்களே, அதுதான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்தது.

லூச்சி பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எம்மி விருதைத்தான் எழுதுவார்கள். 18 முறை பரிந்துரைக்கப்பட்டுக் கிடைக்காமல், 1999இல் 19ஆவது முறை கிடைத்தது. அதற்குள் அவர் தோல்வி நாடு முழுக்க நகைச்சுவை ஆகியிருந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்வார்?

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. எங்கள் குடியிருப்பின் துணி துவைக்கும் அறையில் ஒரு வயதான அம்மாள் பழக்கம். முதல் வருடத்திலிருந்தே தொடரைப் பார்ப்பவர். 1973இல் எரிக்கா கரு கலைத்த கதையை அவர்தான் சொன்னார். கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்து சில மாதங்களே ஆகியிருந்தன. எரிக்காவுக்கு நோயில்லை, யாரும் அவளைக் கெடுக்கவுமில்லை. மாடலிங் வாய்ப்பு வந்திருந்தது, பிள்ளை வேண்டாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான். தொடரை உருவாக்கிய ஆக்னஸ் நிக்ஸன் அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவைத்தார்.

2006இல் கதையைத் திருப்பினார்கள். கலைத்த மருத்துவர் கருவைத் திருடித் தன் மனைவியின் வயிற்றில் வைத்து வளர்த்தாராம். மருத்துவத்தில் நடக்கவே நடக்காத காரியம். ஜாஷ் என்ற பையன் எரிக்காவின் மகனாக வந்து நின்றான். அந்தக் காட்சிகளையும் லூச்சி நன்றாகத்தான் நடித்தார். கையில் கொடுத்த வசனத்தைப் பேசுவதுதானே அவர் தொழில். ஆனாலும் அன்றைக்கு அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

மூன்று வருடம் முன்பு ஊரில் நானும் கலைத்திருந்தேன். படிப்பு பாதியில் நின்றது. அது ஒன்றே காரணம். மருத்துவமனையில் கணவரின் கையெழுத்து கேட்டார்கள். பதினெட்டு வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் சொல்வது எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டவர் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் வருத்தப்பட்டதும் இல்லை. ஜாஷைப் பார்த்த அன்று இரவு மட்டும், இருந்திருந்தால் இப்போது என்ன வயது என்று விரல் மடக்கினேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் அந்த அம்மாள் தொடரைத் திட்டிக்கொண்டே துணி மடித்தார். எனக்கும் ஒன்று என்றேன், என் அரைகுறை ஆங்கிலத்தில். அவர் திட்டுவதை நிறுத்தவில்லை. என் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.