டெல்லிக்குப் போனால் மண்டியையும் பாருங்கள், ஏரியையும் பாருங்கள்!

டெல்லி சுற்றுலா என்றால் செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், அப்படியே ஆக்ராவுக்கு ஒரு பஸ் என்று முடித்துக்கொள்வது வழக்கம். ஆனால், விவசாயக் குடும்பத்துக்கு அது ஆயுளில் ஒருமுறை வாய்க்கிற பயணம். ஆடு, மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 33 மணி நேரம் உட்கார்ந்து போகிறவர்கள், தங்கள் தொழிலுக்கு உதவுகிற இடங்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

பவானி பக்கமிருந்து மாசிக் கடைசியில் போன ஒரு மஞ்சள் விவசாயத் தம்பதி அப்படித்தான் செய்தார்கள். அறுவடை முடிந்து, மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து, விலை சரியில்லையே என்று மூட்டை கட்டி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பியவர்கள்.

டெல்லி மெட்ரோவில் மஞ்சள் லைன் என்று ஒரு தடம் உண்டு. வடக்கே ஆசாத்பூர் மண்டி, நடுவில் சாந்தினி சௌக், தெற்கே குதுப்மினார் என எல்லாவற்றையும் அந்த ஒரே தடம் இணைக்கிறது. இந்தி தெரியாவிட்டாலும் வரைபடத்தைக் காட்டி டிக்கெட் வாங்கிவிடலாம். வெற்றிலை போடுகிறவர்கள் மட்டும் கவனம், ஸ்டேஷனில் துப்பினால் அபராதம்.

ஆசாத்பூர், ஆசியாவின் மிகப்பெரிய காய், கனி மொத்தச் சந்தைகளில் ஒன்று. விடிகாலையிலேயே போய்விட வேண்டும். மாசி, பங்குனியில் நாசிக் திராட்சை, பஞ்சாப் கின்னோ ஆரஞ்சு, குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் காஷ்மீர் ஆப்பிள் என லாரி லாரியாக இறங்கும். ஒரே தோட்டத்துச் சரக்கே அளவு வாரியாகப் பெட்டி பிரித்து வருவதையும், பெட்டிக்குப் பெட்டி விலை மாறுவதையும் அங்கே நேரில் பார்க்கலாம்.

அங்கிருந்து சாந்தினி சௌக். கடைவீதியின் மேற்குக் கோடியில், ஃபதேபுரி மசூதியை ஒட்டி இருப்பது காரி பாவ்லி மசாலாச் சந்தை. 'உப்புத் தண்ணீர்ப் படிக்கிணறு' என்று பொருள். கிணறு போய்விட்டது, பெயர் நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் மிளகாய் நெடியில் தும்மல் வரும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மஞ்சள் கடை ஒன்றின் முன்னால் அந்த அம்மா நின்றுவிட்டார்.

"ஏனுங்க, நாமளும் விரலியையும் கிழங்கையும் பிரிக்கறோம். ஆனா விரலியில நீட்டமானது, ஒடிசல், பூச்சி அரிச்சது எல்லாத்தையும் ஒரே மூட்டையிலதானே போடறோம்? இங்க பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை."

"பிரிக்கற கூலிய யாரு குடுக்கறது?"

"நானும் மருமவளும் உக்காந்தா நாலு நாள் வேலைங்க."

பெரியவர் ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்தார். தங்கள் வீட்டுச் சரக்கும் இதற்குக் குறைந்ததில்லை என்பது தெரிந்தது. அன்று இரவே மகனுக்குப் போன் போட்டு, "புரோக்கர் வந்தா பத்து நாள் கழிச்சு வரச் சொல்லு" என்றார். பிரித்தால் விலை கூடியே தீரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தனித்தனிக் குவியலாக வைத்து விலை கேட்டுப் பார்க்கலாம். அரித்ததும் ஒடிந்ததும் கலந்து கிடந்தால், நல்ல விரலிக்கும் சேர்த்தே விலையைக் குறைப்பார்கள்.

மறுநாள் கிரீன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ஹௌஸ் காஸ் ஏரி. சுமார் 1300-ஆம் ஆண்டில், சிரி கோட்டை நகரத்தின் தண்ணீருக்காக அலாவுதீன் கில்ஜி வெட்டியது. அப்போது 100 ஏக்கருக்கும் மேல் பரப்பு. ஐம்பது ஆண்டுகளுக்குள்ளாகவே தூர்ந்து, வரத்து வாய்க்கால்களும் அடைபட்டுப் போயின. அடுத்து வந்த ஃபிரோஸ் ஷா துக்ளக் தூர்வாரி, வாய்க்கால்களைத் திறந்துவிட்டார். அவருடைய சமாதியும் அதே கரையில்தான் இருக்கிறது. இன்று பரப்பு மிகவும் சுருங்கி, சுத்திகரித்த கழிவுநீரால் நிரப்பப்படுகிறது. சுல்தான் வெட்டிய ஏரியே ஆனாலும், வரத்து வாய்க்காலைப் பராமரிக்காவிட்டால் இதுதான் கதி. நம் ஊர்க் குளத்துக்கும் இது பொருந்தும்.

நேரமிருந்தால் பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தையும் பார்க்கலாம். 1905-இல் பீகாரின் பூசாவில் தொடங்கி, 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமானதால் டெல்லிக்கு மாறியது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் இயக்குநராக இருந்த இடம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்பாலும் இங்கே விவசாயிகள் மேளா நடக்கும். அங்கே விற்கும் விதையெல்லாம் நம் மண்ணுக்கு ஒத்துவராது. கோதுமை, கடுகு விதைகளை ஆசைப்பட்டு அள்ளி வர வேண்டாம். காய்கறி ரகம் என்றால், உங்கள் வட்டார வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

• பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். நவம்பரில் புகை அதிகம், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும். டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தில் ரயில்கள் தாமதமாகும்.

• செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

• குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டம் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் திறந்திருக்கும். அனுமதி இலவசம். முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

• ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். மெட்ரோவில் பைகளைச் சோதிப்பார்கள், கத்தி வேண்டாம்.